அயோமியின்ர ரெண்டு விரல்

வணக்கம். றொக் மியூசிக் செய்தியளைப் பற்றி ரேடியோவில கதைக்கக் கூப்பிட்டவை. வன்னியில இதை ஆர் கேக்கிறது எண்டு நினைக்காதேங்கோ, கேக்கிற ஆக்கள் இருக்கினம்.

2025 ஜூலை 5ஆந் திகதி பேர்மிங்ஹாமில, வில்லா பார்க் மைதானத்தில பிளாக் சபாத் எண்ட றொக் குழு கடைசியா ஒருக்கா வாசிச்சினம். 1968ல அதே ஊரில தொடங்கின அதே நாலு பேரும். பாட்டுக்காரர் ஒஸி ஒஸ்போர்னுக்கு பார்கின்சன் வருத்தம், கறுப்புச் சிம்மாசனத்தில இருந்துதான் பாடினவர், பிறகு 17 நாளில ஆள் போயிட்டார். செய்தி முழுக்க அவர்தான், அது சரி, ஆனா பக்கத்தில நிண்டு கிற்றார் வாசிச்ச ரோனி அயோமியைப் பற்றி வடிவா ஒருத்தரும் கதைக்கேல்லை எண்டதுதான் என்ர குறை.

குழு தொடங்க முந்தின கதை இது: அயோமிக்கு 17 வயசு, தகட்டுத் தொழிற்சாலையில வேலை, அண்டைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர் இனிப் போகமாட்டன் எண்டிருக்கிறார், தாய்தான் போய் முடிச்சிட்டு வா எண்டு அனுப்பினவ. பின்னேரம் மெஷினுக்குள்ள வலக்கை ரெண்டு விரலின்ர நுனி போச்சு. ஆள் இடக்கைக்காரன், வலக்கையாலதான் தந்தியை அமத்திறது, அப்ப யோசிச்சுப் பாருங்கோ.

விரல் போறது, கால் போறது என்னெண்டு எங்கட சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதாலதான் இதிலயே நிக்கிறன். மனுசன் என்ன செய்தார்? பாத்திரம் கழுவுற லிக்விட் போத்தலை உருக்கி உருட்டி, சோல்டறிங் அயனால ஓட்டை போட்டு விரலில கொழுவி, பழைய ஜக்கற்றின்ர தோலை வெட்டி மேல ஒட்டினார். ரெண்டு விரலால கிற்றார் வாசிச்ச ஜாங்கோ ரைன்ஹார்ட்டின்ர இசைத்தட்டை ஃபோர்மன் கொண்டுவந்து குடுத்தவராம், அதுக்குப் பிறகுதான் மனம் வந்தது. தந்தி மெல்லிசாப் போட்டார், பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார், 1971ல வந்த மூண்டாவது ஆல்பத்தைக் கேட்டா விளங்கும், அந்தக் கனமான சத்தம் நோகாம அமத்தத் தேடின வழியில வந்தது.

சுருதி எண்டதும் ஒண்டு சொல்லவேணும். தொண்ணூறுகளில சண்டை நேரம், பற்றரி உள்ளுக்கு விடாத காலம், சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்திப் பாட்டுக் கேட்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆரோ வெளிநாட்டிலயிருந்து அனுப்பின சபாத் கசற் ஒண்டு எங்களிட்ட. அண்ணா பெடலைச் சுத்துவார், கை களைச்சா பாட்டு இழுபட்டு அடித்தொண்டைக்குப் போகும், அம்மா குசினிக்குள்ள இருந்து "பேய் கத்துது, நிப்பாட்டுங்கோடா" எண்டுவா. கனகாலத்துக்குப் பிறகு கொழும்பில நல்ல செற் ஒண்டில கேட்டன், சும்மா ஓடுற மாதிரி இருந்துது. எனக்கு இண்டைக்கும் அண்ணா சுத்தின வேகம்தான் சரி.

கண்ணாடிக்கு அங்கால தம்பி கை காட்டுறார். ஒயேசிஸ் குழுவின்ர அண்ணன் தம்பி 2009ல பிரிஞ்சு, 2025ல கார்டிஃபில திரும்பச் சேர்ந்த சண்டைக் கதை முழுக்க எழுதிக் கொண்டந்தனான், விடுவம். ரஷ் குழு மட்டும்: ட்ரம்ஸ் அடிச்ச நீல் பேர்ட் 2020ல செத்துப்போனாப் பிறகு இனி இல்லை எண்டு இருந்தம், மற்ற ரெண்டு பேரும் 2026க்கு டூர் அறிவிச்சு ட்ரம்ஸுக்கு ஜேர்மன்காரி ஆனிகா நில்லெஸை எடுத்திருக்கினம். அவவின்ர வீடியோ யூடியூபில கிடக்கு, பாருங்கோ, என்ன அடி!

சரி, பாட்டைப் போடுங்கோ தம்பி. நான் தந்ததுதானே, வேற ஒண்டும் இல்லையே?