பந்தலில் பாதி, பட்டியலில் எத்தனை?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவமும், அதன் முடிவில் நடந்த ஓர் உரையாடலும்)

அவைத்தலைவர் அவர்களே, முதுநகரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெண்களும் அரசியல் மாநாடுகளும் என்ற தலைப்பில் பேசுவதற்குக் கடலூரைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். 1982ஆம் ஆண்டு அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநாடு இங்கே நடந்தபோது, அந்தக் கட்சியில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஜெயலலிதா ‘பெண்ணின் பெருமை’ என்ற தலைப்பில் தம் முதல் அரசியல் உரையை ஆற்றினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் தமிழகத்தின் முதலமைச்சர். 2008 ஜூன் மாதம் திராவிட முன்னேற்றக் கழகம் தன் மகளிர் மாநாட்டை நடத்தத் தேர்ந்தெடுத்த ஊரும் கடலூர்தான். ஆக, இரண்டு பெரிய கட்சிகளும் பெண்களை மேடையேற்றிக் காட்டிய ஊர் இது. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் திட்டக்குடி தொடங்கிக் காட்டுமன்னார்கோவில் வரை இந்த மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளிலும் வென்றவர்கள் ஆண்களே. விருத்தாசலத்தில் போட்டியிட்ட பிரேமலதா விஜயகாந்த் தோற்றார். அதற்கு முந்தைய 2016 தேர்தலில் பண்ருட்டியிலிருந்து சத்யா பன்னீர்செல்வம் சட்டமன்றம் சென்றிருந்தார். ஐந்தாண்டுகளில் அந்த ஓர் இடமும் கைநழுவிப் போனது.

மாநாட்டுப் பந்தலில் பாதியை நிரப்புகிற பெண்கள் வேட்பாளர் பட்டியலுக்கு வரும்போது எங்கே காணாமல் போகிறார்கள் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. வாக்காளர்கள் பெண்களைத் தோற்கடிக்கிறார்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. வாக்காளரிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே, கட்சிக்குள்ளேயே, பெரும்பாலான பெண்கள் நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் இந்த ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாளை நாம் பெரும்பாலும் சிறை சென்ற தியாகியாகவே நினைவுகூர்கிறோம். 1927இல் சென்னையில், 1857 புரட்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் சிறுமியான தம் மகளையும் அழைத்துக்கொண்டு சிறை புகுந்தவர். கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் இருந்து, பிரசவத்துக்காக வெளியே வந்து, கைக்குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பியவர். அதெல்லாம் உண்மை, போற்றத்தக்கது. ஆனால் அவர் 1937இலும் 1946இலும் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் என்பதை மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் தீர்த்தாம்பாளையத்தில் தண்ணீருக்கு மக்கள் தவித்தபோது வீராணம் ஏரித் தண்ணீரைக் கிளை வாய்க்கால் வழியாக அங்கே கொண்டுவர முயன்று வென்றார். அஞ்சலை வாய்க்கால் என்று அது அவர் பெயரால் வழங்குகிறது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாட்டில் வேலு நாச்சியாரோடு அஞ்சலையம்மாளின் உருவத்தையும் பெரிதாக நிறுத்தியிருந்தார்கள். மகிழ்ச்சி. தியாகியின் படத்தை வைப்பதில் எந்தக் கட்சிக்கும் தயக்கமில்லை. வாய்க்கால் கேட்டுச் சட்டமன்றத்தில் வாதாடும் பெண்ணை உள்ளே அனுப்புவதில்தான் அத்தனை தயக்கமும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்கியது. நூற்றுக்கு நான்குகூட வராத ஒதுக்கீடு அது. 2021இல் நம் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர், நூற்றுக்கு ஐந்து. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் கொடுத்ததற்கும், எண்பது ஆண்டுகளுக்கு மேல் தேர்தல் நடத்திப் பழகிய நாம் கொடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடுதான் வித்தியாசம். நடுவே 1991இல் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும், 2016இல் 21 ஆக இருந்ததும் உண்மை. இதில் ஏறுமுகம் என்று எதுவுமில்லை. தலைமையில் இருப்பவர் மனம் வைத்தால் எண்ணிக்கை கூடும், மனம் மாறினால் குறையும்.

மாநாடு என்பது எப்போதும் இப்படிக் கூட்டம் காட்டுகிற இடமாகவே இருந்ததா என்றால், இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழகச் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது 1989இல். அறுபது ஆண்டுகள் பிடித்தாலும், விதை விழுந்த இடம் ஒரு மாநாட்டு மேடை. 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்தியவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ராமசாமியைப் ‘பெரியார்’ என்று அழைக்க வேண்டும் என முடிவெடுத்ததும் அந்த மாநாடுதான். மறுநாளே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் உள்ளிட்டோர் கட்டாய இந்திக்கு எதிராக மறியல் செய்து கைதானார்கள். தலைவருக்குப் பட்டம் கொடுக்கிற அதிகாரம் அன்றைக்குப் பெண்கள் மாநாட்டிடம் இருந்தது. இன்று மகளிர் மாநாட்டுக்குத் தேதி கொடுப்பதே தலைமைதான்.

இன்றைய மாநாட்டை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையிலேயே ஊர் ஊராக வேன் வந்து நிற்கும். மகளிர் அணிக்கு ஒரே நிறப் புடவை. பந்தலில் முன்வரிசைக்குப் பின்னால் தட்டி கட்டிப் பிரித்த பகுதியில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் இரவில்தான் வருவார் என்பதால் எழுந்துபோக முடியாது, போனாலும் கழிப்பறை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. (தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்போம் என்று அனுபவப்பட்ட பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ஏற்பாட்டுக் குழுவில் ஒரு பெண் இருந்திருந்தால் இந்த ஒரு விஷயமாவது சரியாகியிருக்கும்.) நிகழ்ச்சி நிரலில் மகளிர் அணிச் செயலாளரின் பேச்சு வெயில் தாழாத பிற்பகலில், பந்தல் பாதி காலியாக இருக்கும்போது வரும். அப்போதும் ‘நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசவும்’ என்று ஒரு துண்டுச்சீட்டு அவர் கைக்குப் போகும். சுவரொட்டியைப் பாருங்கள்: தலைவர், மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் என்று வரிசையாக ஆண்களின் படம்; அடியில், கைகூப்பிய நிலையில், ‘அழைக்கும் மகளிர் அணி’.

கூட்டம் சேர்ப்பது எளிய வேலை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வேன் ஆட்களைத் திரட்டத் தெரிந்த பெண்ணுக்குத் தெருவில் யார் வீட்டில் முதியோர் உதவித்தொகை வரவில்லை, எந்த வீட்டில் பட்டா சிக்கல் என்பதெல்லாம் தெரியும். ஒரு வேட்பாளருக்கு வேண்டிய அறிவு அதுதான். ஆனால் கட்சியில் அந்த அறிவு பதவியாக மாறுவதில்லை. கட்சிகள் பலவற்றில் கிளை அளவிலிருந்தே ஒரு துணைச் செயலாளர் இடம் பெண்ணுக்கு என்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவர் துணையாகவே தொடங்கித் துணையாகவே ஓய்கிறார். வேட்பாளர் யார் என்பதில் கனம் உள்ள சொல் மாவட்டச் செயலாளருடையது. தலைமைக்குப் பரிந்துரை அனுப்புவதும், நேர்காணலில் ‘இவர் நின்றால் ஜெயிப்பாரா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும், செலவுக்கு யார் பொறுப்பு என்று தீர்மானிப்பதும் அவர்தான். தூத்துக்குடி வடக்கு மாவட்ட திமுகவுக்கு கீதா ஜீவன் பொறுப்பேற்றிருப்பதைப் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர, அந்த நாற்காலியில் பெண்களைக் காண்பது அரிது. எத்தனை பெண்களை வேட்பாளர் ஆக்கினீர்கள் என்று கட்சிகளைக் கேட்கிறோம். எத்தனை பெண்களை மாவட்டச் செயலாளர் ஆக்கினீர்கள் என்ற கேள்வியை அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்ற சமாதானத்துக்கு நாம் தமிழர் கட்சி ஒரு பதிலை வைத்திருக்கிறது. 2021இல் 234 தொகுதிகளில் 117இல் அந்தக் கட்சி பெண்களை நிறுத்தியது. அதன் மற்றக் கொள்கைகளில் எனக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு விவகாரம். தேடினால் கிடைக்கிறார்கள் என்பதை அது நிரூபித்தது. ஒருவரும் வெல்லவில்லையே என்பீர்கள். அதே தேர்தலில் அக்கட்சியின் ஆண் வேட்பாளர்களும் ஒருவரும் வெல்லவில்லை.

இனி உள்ளாட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் கட்சி அடைத்த கதவைச் சட்டம் திறந்துவிட்ட இடம் அது ஒன்றுதான். 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழகம் 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. கடலூர் மாநகராட்சியான பிறகு 2022இல் அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் சுந்தரி ராஜா, ஒரு பெண். ஊராட்சிகளில் நிலைமை கலவையானது. தலைவர் பெண்ணாக இருக்க, அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் கணவராக இருக்கிற ஊர்கள் உண்டு. 2020இல் நம் மாவட்டத்துப் புவனகிரி ஒன்றியத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவரை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த புகைப்படம் நாடெங்கும் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவானது. அந்தப் படத்தைக் காட்டி ‘இட ஒதுக்கீடு கொடுத்து என்ன பயன்’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. அவர் தலைவராக இல்லாதிருந்தால் அவர் தரையில் உட்கார்ந்திருப்பது செய்தியே ஆகியிருக்காது.

புதுச்சேரித் தோழியர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது எனக்குப் புரிகிறது. அங்கே அந்த ஏணியே இல்லை. ஐந்து நகராட்சிகளும், கிராமங்களுக்கான பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ள அந்த ஒன்றியப் பகுதியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த அமைப்புகளின் காலம் 2011இல் முடிந்தது. அடுத்த தேர்தலை 2021இல் அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்குகளில் சிக்கி அது நின்றது. வார்டு உறுப்பினராகத் தொடங்கி மெல்ல மெல்ல மேலே வர வேண்டிய ஒரு தலைமுறைப் பெண்களுக்கு முதல் படியே கிடைக்கவில்லை. விளைவைச் சட்டமன்றத்தில் காணலாம். பெண் வாக்காளர்கள் ஆண்களைவிடக் கூடுதலாக உள்ள புதுச்சேரியில், 30 தொகுதிகளில் 2016இல் நான்கு பெண்கள் வென்றார்கள். 2021இல் நெடுங்காட்டின் சந்திர பிரியங்கா ஒருவர் மட்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு புதுச்சேரி கண்ட பெண் அமைச்சர் அவர். சாதி, பாலினப் பாகுபாடுகளையும் பணபலத்தையும் சுட்டிக்காட்டி 2023 அக்டோபரில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவரை முன்பே நீக்க முடிவெடுத்துவிட்டதாக ஆட்சித் தரப்பு சொன்னது. எது முந்தியது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: சந்திராவதி, ராஜேந்திர குமாரி பாஜ்பாய், ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை சௌந்தரராஜன் என்று ஐந்து பெண்கள் அங்கே துணைநிலை ஆளுநர்களாக இருந்திருக்கிறார்கள். டெல்லி நியமிக்கிற பதவிக்குப் பெண்கள் வருகிறார்கள்; உள்ளூர்க் கட்சி தேர்ந்தெடுக்கிற இடத்துக்கு வருவதில்லை.

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு உறுதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் தனிச் சட்டம் வழியாகப் புதுச்சேரிக்கும் அதை நீட்டித்தார்கள். 1996இல் முதன்முதலாக மசோதாவாக வந்த விஷயம் இருபத்தேழு ஆண்டுகள் கழித்துச் சட்டமானது. சட்டமான பிறகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்படி தொகுதி எல்லைகளைத் திருத்தும் மறுவரையறை என்ற இரண்டு நிபந்தனைகளை அதன் காலில் கட்டினார்கள்.

உரை முடிந்ததும் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, ‘இட ஒதுக்கீடு வந்தால் தலைவர்களின் மனைவியரும் மகள்களும்தானே நிற்பார்கள் அம்மா?’ என்று கேட்டார். முதல் தேர்தலில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கும் என்று ஒப்புக்கொண்டேன். மகன்கள் நின்றபோது இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை என்பதையும் சொன்னேன். பிறகு அந்தச் சட்டத்தில் உள்ள ஒரு விதியை அவருக்கு எடுத்துக்காட்டினேன்: ஒதுக்கப்பட்ட தொகுதிகள் சுழற்சியில் மாறுவது ஒவ்வொரு தேர்தலுக்கும் அல்ல, அடுத்தடுத்த மறுவரையறைக்குப் பிறகுதான். அதாவது ஒரு தொகுதி பெண்ணுக்கு என்று ஆகிவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட தேர்தல்களில் அங்கே பெண்களே நிற்க வாய்ப்பிருக்கிறது. பெயருக்கு நிறுத்திய ஒருவரை இரண்டாவது முறையும் நிறுத்தினால் எதிர்க்கட்சியின் பெண் வேட்பாளர் அவரை மேடையில் வைத்துக் கேள்வி கேட்பார். அப்போது ஊரில் வேலை செய்த பெண் யார் என்று கட்சி தேடித்தான் ஆக வேண்டும். அதற்குள் ஒரு கட்சியில் சேர்ந்து அதன் ஒன்றியக் குழுவிலும் மாவட்டக் குழுவிலும் இடம் பிடித்து வைக்குமாறு அந்த மாணவியிடம் சொன்னேன். எந்தக் கட்சியில் சேரலாம் என்று திருப்பிக் கேட்டார். அதை மட்டும் நான் சொல்லவில்லை.