அப்பாவும் கண்டக்டர், பையனும் கண்டக்டர்

எல்லாருக்கும் வணக்கங்க. வாசல்ல நோட்டீஸ பாத்துட்டு ஒருத்தர் எந்த டிப்போ கண்டக்டர் சார்னு கேட்டாரு, அவரும் உள்ள வந்து உக்காந்துட்டாரு, சந்தோஷம். நான் பேச வந்தது கார்லோஸ் கிளைபர்னு ஒரு ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர பத்தி, அதாவது கையில குச்சியோட முன்னாடி நின்னு வாத்தியக்காரங்க எல்லாரையும் நடத்துறவரு.

1930ல பெர்லின்ல பொறந்தப்ப அவர் பேரு கார்ல். அப்பா எரிக் கிளைபர் அந்த ஊர் ஸ்டேட் ஆபராவுல, பாட்டாவே நாடகம் நடத்துற எடத்துல, பெரிய தலை, ஆல்பன் பெர்க்ங்கற இசையமைப்பாளரோட வொட்செக்ங்கற ஆபராவ 1925ல மொத மொதல்ல மேடையேத்துனவர். 1934ல அதே பெர்க்கோட லூலூங்கற ஆபராவுலேர்ந்து கொஞ்சம் வாசிக்க வெச்சாரு, நாஜிங்களுக்கு அந்த மியூசிக்கே ஆகாது, நாலே நாள்ல வேலைய தூக்கிப் போட்டுட்டாரு. அப்புறம் குடும்பம் அர்ஜென்டினா போய் சேந்துச்சு, கார்ல் அங்கதான் கார்லோஸ் ஆனாரு.

இவ்ளோ பெரிய வித்வான் புள்ளைய பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக் குடுப்பாருன்னுதான நெனப்போம்? சூரிச்சுக்கு கெமிஸ்ட்ரி படிக்க அனுப்பிட்டாரு! பையன் கேக்கல. போட்ஸ்டாம்ல ஒரு ஆபரெட்டா, அதாவது ஜாலியான ஆபரா, நடத்துனாரு, அதுவும் கார்ல் கெல்லர்ங்கற பொய்ப் பேர்ல. அப்பாவோட வெச்சு எட போட்டுருவாங்களேங்கற பயம்னுதான் எனக்கு தோணுது.

1956ல அப்பா போயிட்டாரு, பயம் போகல. அப்பா கை வெச்ச அதே ரோசன்காவலியர் ஆபரா, அதே வொட்செக், அதே பீத்தோவன், திரும்பத் திரும்ப அதத்தான் எடுத்தாரு, ஒவ்வொண்ணுக்கும் மத்தவங்கள விட ரொம்ப அதிகமா ரிகர்சல் கேப்பாரு. 1982ல வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட பீத்தோவன் நாலாவது சிம்பொனி ரிகர்சல், ரெண்டாவது பாகம் வயலின்ல ஒரு சின்ன தாளம் வரும், அத ஒரு பொண்ணு பேர சொல்ற மாதிரி "தெ-ரே-செ, தெ-ரே-சென்னு வாசிங்க"ன்னாரு, அவங்க வாசிச்சது இவர் காதுக்கு "மரீ, மரீ"ன்னே கேட்டுச்சு. திரும்ப, திரும்ப. கடைசில குச்சிய வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு, கச்சேரியே பண்ணல. மூணு எழுத்து ரெண்டு எழுத்தாயிடுச்சுன்னு வியன்னாவையே விட்டுட்டுப் போற ஆளு! அதே வியன்னாக்காரங்க 1989 புத்தாண்டு கச்சேரிக்கு இவரத்தான் கூப்ட்டாங்கங்கறது தனி கத.

அதே வருஷம் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட தலைமை கண்டக்டரா இருந்த கராயன் எடத்துக்கு இவர கேட்டாங்க, முடியாதுன்னுட்டாரு. வீட்டு ஃபிரிட்ஜ் காலியானாதான் கிளைபர் கச்சேரி பண்ணுவாருன்னு கராயனே கிண்டல் அடிச்சதா சொல்வாங்க. 1996ல ஜெர்மனியில இங்கோல்ஸ்டாட்ங்கற ஊர்ல ஒரு கச்சேரி பண்ணாரு, சம்பளமா வாங்குனது ஒரு ஆடி கார்.

சரி, பேசுனது போதும். பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனி, அப்பா 1953ல பண்ணது, புள்ள 1974ல பண்ணது, ரெண்டையும் அடுத்தடுத்து போடுறேன். தம்பி, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துப்பா.