ஒரு சொல் என்றால் எவ்வளவு?

வணக்கம் நேயர்களே.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் ஆறு பேர் கூடுகிறோம். மேசையில் தாள், பென்சில், ஒரு தட்டு வடை, நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமான தாயக்கட்டைகள். முதல் நாள் எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "என்ன பிள்ளைகள், சாத்திரம் பார்க்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாங்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரனாக, பூசகராக, மந்திரவாதியாக அதற்குள் வாழ்வார்கள். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். எங்கள் மேசையில் கதை நடத்துவது நான். விதிப்புத்தகம் ஆங்கிலம், பேச்சு முழுக்கத் தமிழ். வேடிக்கை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த விளையாட்டில் 'கட்டளை' என்றொரு மந்திரம் உண்டு. எதிரியிடம் ஒரே ஒரு சொல் சொல்லலாம். மந்திரம் பலித்தால் தன் அடுத்த முறையில் அவன் அதைச் செய்தாக வேண்டும். 1978இல் வந்த கைநூலிலேயே இது இருக்கிறது. "செத்துப்போ" என்று கட்டளையிட்டால் என்ன ஆகும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். எதிரி ஒரு சுற்றுக்கு மூர்ச்சையாகிக் கிடப்பான், பிறகு எழுந்துவிடுவான். நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் 'ஒரு சொல்' என்று எழுதியவருக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் பூசகர் ஒரு நாள் காவலாளியைப் பார்த்துச் சொன்னார்: "திறந்துவிட்டுவிடு!" மேசையில் பெரிய சண்டை. இது ஒரு சொல்லா, மூன்றா? துணைவினை சேர்ந்தால் தனிச்சொல் ஆகாது என்றார் ஒருவர். சேர்த்துத்தானே எழுதுகிறோம் என்றார் இன்னொருவர். அரை மணித்தியாலம் கோப்ளின் என்ற குட்டிப் பூதக் கூட்டம் வாளை ஓங்கியபடியே காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன்: எத்தனை துணைவினை ஒட்டினாலும் வினைமுற்று ஒன்றென்றால் சொல்லும் ஒன்று. தாராளமான சட்டம், ஒத்துக்கொள்கிறேன். 2024 பதிப்பில் 'வா, கீழே போடு, ஓடு, மண்டியிடு, நில்' என்று இந்த மந்திரத்தை ஐந்து கட்டளைகளுக்குள் அடக்கிவிட்டார்கள். சச்சரவு குறையும் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் மேசையில் பழைய விதியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். சச்சரவு இல்லாவிட்டால் வடை எதற்கு?

தாராளம் எங்களுக்கே எதிராகத் திரும்பிய நாளும் உண்டு. கொள்ளைக்காரன் ஒருவன் சிறுவனைப் பிடித்துக் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளி வில்லை வளைத்து, நாணை இழுத்தபடி நிற்கிறான். பூசகர் "விடு!" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னீர் என்று கேட்டேன். அவசரத்தில், "வில்லுக்காரனை" என்றார். அவன் விட்டான், அம்பை. அது நேரே எங்கள் வீரனின் தோளில் தைத்தது. வீரனாக விளையாடும் தம்பி இரண்டு வாரம் பூசகரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மொழிகளை விளங்கிக்கொள்ளும் மந்திரம் இன்னொன்று. எந்த மொழியைக் கேட்டாலும் அதன் நேர்ப்பொருள் விளங்கும் என்கிறது விதி. நேர்ப்பொருள் மட்டும் என்பதைக் கவனியுங்கள். எங்கள் மந்திரவாதி சிறைச்சாலைக்கு வெளியே ஒளிந்திருந்து, காவலாளி தன் தோழனிடம் விடைபெறுவதைக் கேட்டார். "சரி, போயிட்டு வாறன்." திரும்பி வரப்போகிறான் என்று மந்திரவாதி புதருக்குள்ளேயே விடியும்வரை குந்திக்கொண்டிருந்தார். அவன் வீட்டுக்குப் போய் நித்திரை.

எல்லா விளையாட்டும் இப்படி ஆயத்த மந்திரங்களைத் தருவதில்லை. 1987இல் வந்த ஆர்ஸ் மாஜிகாவில் மந்திரத்துக்கு இலக்கணமே உண்டு. லத்தீன் வினைகள் ஐந்து: படை, அறி, மாற்று, அழி, ஆள். பெயர்கள் பத்து: தீ, நீர், மனம், உடல் என்று போகும். ஒரு வினையையும் ஒரு பெயரையும் சேர்த்தால் ஒரு சேர்க்கை, ஆக ஐம்பது. அதைத் தமிழில் ஆடிப் பார்த்தபோது 'நீர்' என்ற இடத்தில் இடறினோம். "நீர் மாறுக" என்று ஒருவர் மந்திரம் சொன்னார். மாற வேண்டியது கிணற்றுத் தண்ணீரா, எதிரே நிற்கிற ஐயாவா? நான் ஐயாவையே தவளையாக்கிவிட்டேன்.

சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பது நமக்குப் புதிதல்ல. "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம்" என்று தொல்காப்பியமே சொல்கிறது. அந்த 'ஆணை'தான் நான் முதலில் சொன்ன கட்டளை. மறைக்காட்டுக் கோயில் கதவு திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுதும் பாட வேண்டியிருந்ததாம், சம்பந்தருக்கு அடைக்க முதற்பாட்டே போதுமாயிருந்ததாம். பெரியபுராணத்தில் உள்ள கதை. ஒரே கதவு, ஒரே தலம், இரண்டு மந்திர நேரம்! அதைப் பார்த்துத்தான் எங்கள் பாணருக்கு ஒரு சலுகை வைத்தேன். பாணர் வசை சொல்லி எதிரியின் மனத்தைக் காயப்படுத்தும் மந்திரத்துக்குப் பழைய விதியில் ஆரம்பத்தில் நாலு முகக் கட்டைதான். வசையில் எதுகை விழுந்தால் ஆறு முகக் கட்டை உருட்டலாம் என்றேன். அன்றிலிருந்து அவர் உருட்டுமுன் "ஆறுமுகா!" என்று கும்பிடுகிறார்.

கடைசியாக, இறந்தவரோடு பேசும் மந்திரம். பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம். உயிரோடு இருந்தபோது தெரிந்ததைத்தான் அது சொல்லும், அதையும் சுருக்கமாக. போன போயாவில் அரண்மனைக் கருவூலக்காரனின் பிணத்தை எழுப்பினார்கள். பூசகர்தான் கேட்டார்: "கருவூலத் திறப்பை எடுத்தது யார்?"

முதல் நாள் இரவே நான் எழுதி வைத்திருந்த பதிலை வாசித்தேன்: "நாம் எடுத்தோம்."

எங்கள் பேச்சில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்றே சொல்லிவிடுவோம். ஆனால் பிணம் எழுத்துத்தமிழில் பேசியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை, அடுத்த கேள்விக்கு ஆயத்தமானார்கள். சாதாரண தரத்துக்குப் படிக்கும் என் மருமகள்தான் பென்சிலை மேசையில் வைத்தாள். "மாமா, 'நாங்கள்' என்று சொல்லவில்லையே. 'நாம்' என்றால் கேட்கிற ஆளும் சேர்த்தியெல்லோ?"

ஐந்து பேரும் பூசகரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் நாலு கேள்வி மீதி இருக்கிறது. அடுத்த போயாவுக்குக் கேட்பார்கள்.

வணக்கம்.