ஈடிபஸ் கேட்காமல் விட்ட கேள்வி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபோக்ளிஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் அரங்கேற்றிய ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை, தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற தெய்வவாக்கு பலித்த கதையாகவே பலரும் அறிவீர்கள். மேடையில் நாம் காண்பதோ ஒரு விசாரணை. தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனைத் தண்டித்தால் நோய் தீரும் என்கிறது டெல்ஃபியின் அருள்வாக்கு. தேடப் புறப்படும் ஈடிபஸே தேடப்படுபவன்.

இதில் நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துவரும் இடம் ஒன்று உண்டு. லாயஸைக் கொன்றது ‘கொள்ளையர்கள்’ என்று, உயிர்தப்பி வந்த பணியாள் பன்மையில் சொல்லியிருந்தான். மூன்று சாலைகள் கூடுமிடத்தில் தான் ஒரு முதியவரைக் கோலால் அடித்துக் கொன்றது நினைவுக்கு வந்து நெஞ்சு பதறும்போது, ஈடிபஸ் பற்றிக்கொள்வது அந்தப் பன்மையைத்தான். பலர் என்றால் கொன்றது நான் இல்லை. ஒருவன் என்றால் நானேதான். ‘கள்’ என்ற விகுதியில் ஒரு மனிதனின் வாழ்வே தொங்குகிறது, பாருங்கள்.

அந்தப் பணியாளை அழைத்துவரச் செய்கிறான். ஈடிபஸை அரியணையில் கண்டதுமே, ஊர் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பிவிடும்படி அரசியின் கையைப் பற்றிக் கெஞ்சிச் சென்றவன் அவன். வந்து நிற்கிறான். ஒருவனா, பலரா? ஈடிபஸ் அதைக் கேட்கவேயில்லை. அதற்குள், ஈடிபஸ் வளர்ந்த கொரிந்து நகரிலிருந்து வந்த தூதன், குழந்தையாக இருந்த ஈடிபஸைத் தன்னிடம் கொடுத்தவன் இந்தப் பணியாள்தான் என்று அவன் பிறப்பைப் பற்றிய ஐயத்தைக் கிளப்பிவிட்டதால், “தேடாதீர்கள்” என்று அரசி மன்றாடியும், தான் யார் மகன் என்றே கேட்கிறான். சொல்ல அஞ்சுகிறேன் என்கிறான் பணியாள். கேட்க நானும் அஞ்சுகிறேன், ஆயினும் கேட்டாக வேண்டும் என்கிறான் மன்னன்.

‘தவறு நடந்துவிட்டது’ என்போம். ‘செய்துவிட்டேன்’ என்று நம் வாயில் எளிதில் வருவதில்லை. கூட்டாகக் கையெழுத்திட்ட கோப்பிலும், குடும்பத் தகராறிலும், ‘நாங்கள் எல்லோரும்தானே’ என்ற பன்மைக்குள் புகுந்துகொள்கிறோம். தன்னைக் காப்பாற்றக்கூடிய பன்மையைக் கைவிட்டவன் என்பதனாலேயே ஈடிபஸ் எனக்கு இன்றைய மனிதனாகத் தெரிகிறான்.

அரிஸ்டாட்டில் இந்நாடகத்தைப் பற்றி எழுதியதையும் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சோஃபோக்ளிஸ் மறைந்தபின் அரங்கேறிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ நாடகத்தையாவது அவசியம் படியுங்கள். பார்வையிழந்து, மகளின் கைப்பிடித்து வரும் முதியவரான ஈடிபஸ், அறியாமல் கொன்றேன் என்று வாதிடுகிறார், கொன்றதை மறுக்கவில்லை. வணக்கம்.