கந்தையில் பூத்த ராக்கொடி

(தையற்கலைஞர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கைத்தறிக் கூட்டுறவுச் சங்கப் பெரியோர்களே, மேடையில் நாற்காலி போதாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாரையும்விட மேலாக, முகூர்த்த மாதத்தில் மெஷினை மூடிவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. தொட்டாலே தெரிகிறது, முழுக்கப் பாலியஸ்டர். அதற்குப் பிறகு வருகிறேன்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றார்கள். நான் கட்டச் சொல்வது இடுப்பில் அல்ல, தலையில். பின்தலையில் வைக்கும் வட்ட நகையான ராக்கொடி, பின்னல் நுனியில் ஆடும் குஞ்சலம், நெற்றிச்சுட்டி ஆகிய மூன்றையும் தைத்து மிஞ்சும் வெட்டுத்துணியில் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நாகர்கோவில் வடசேரியில் கெம்புக்கல் பதித்துச் செய்கிறார்களே, அந்த நகைக்கு இது போட்டியல்ல. அது முகூர்த்தத்துக்கு, இது மறுநாள் ஆபீசுக்கு. அந்தப் பெரிய செட்டை இன்றைய தலை தாங்குவதும் இல்லை. ஊருக்கு ஊர் சொல்லிச் சிரிக்கும் கதை உங்களுக்கும் தெரியும். பின்னல் நெடுக வில்லை வில்லையாகக் கட்டும் ஜடைநாகம், மேலே ஐந்து தலை நாகர், அதுவும் வாடகைக்கு. பெண்ணுக்கோ ஸ்மூத்தனிங் செய்த முடி, எண்ணெய்ப் பசை கிடையாது. கொண்டை ஊசி குத்தியாயிற்று, மேலே இரண்டு முழம் மல்லிகை. கெட்டிமேளம் கெட்டிமேளம்! பெண் தலை குனிகிறாள். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். நாத்தனார் அடுத்த முடிச்சுக்குக் கை நீட்ட, ஐந்து தலை நாகர் மெல்ல இறங்கி வருகிறார்! முடிச்சைப் போடுவதா, நாகரைப் பிடிப்பதா? ஒரு கையில் தாலிக்கயிறு, ஒரு கையில் நாகர். “அக்கா, அப்படியே இருங்க” என்கிறார் போட்டோகிராபர். பின்வரிசையில் ஒரு பாட்டி, “எங்க காலத்துல நாகர் படமெடுக்கும், இப்படி ஓடாது” என்றாளாம். ஓடியதற்குக் காரணம் சகுனம் இல்லை. ஒவ்வொரு வில்லையின் பக்கத்திலும் உள்ள கயிற்றைப் பின்னலைச் சுற்றிக் கட்டாமல், மொத்தப் பாரத்தையும் மேல் ஊசியிலேயே தொங்கவிட்டதுதான்.

சரி, ராக்கொடி. அடித்தளத்துக்கு அட்டை வேண்டாம், வியர்வையில் ஊறிவிடும். சட்டைக் காலருக்குள் வைக்கும் விறைப்பான கேன்வாஸ் நான்கு அடுக்கு, 5 செ.மீ. வட்டம். அதன்மேல் 8 செ.மீ. பட்டு வட்டம், ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே ஓட்டுத் தையல் போட்டு, நடுவே பனியன் துணுக்கை அடைத்து இழுத்து முடியுங்கள். சுற்றிலும் எட்டு இதழ்: 5 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை இரண்டு முறை மடித்தால் ஓர் இதழ். பட்டு பிசிறும், வெட்டுமுன் பின்பக்கம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் துணியை ஒட்டுங்கள். ஜரிகைமேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். இழையின் உள்ளே பாலியஸ்டர் இருந்தால் சுருண்டுவிடும். ஜரிகை முனை வெளியே நின்றால் மண்டையைக் குத்தும், 1 செ.மீ. உள்ளே மடியுங்கள். குளூ கன் பசை வெயிலில் இளகும், ஆகவே 6 செ.மீ. கிளிப்பை ஊசி நூலால் தைத்தே பொருத்துங்கள். தலையெண்ணெய் பட்டில் ஏறாமலிருக்க, அடியில் கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு பருத்தி வட்டம், இரண்டு டிச் பட்டன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கசக்கு! அரக்கு நிறத் துணித்துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அது தலைக்கு ஆகாது. பழமொழியில் கட்டுவதற்கு முன்னால் கசக்குவதுதான் வருகிறது.

குஞ்சலத்துக்குத் திருப்பூர் கட் வேஸ்ட், அதாவது பனியன் வெட்டிய மிச்சத் துணி, போதும். சிங்கிள் ஜெர்சி என்கிற சாதாரண பனியன் துணியை அகலவாட்டில் 1 செ.மீ. நாடாவாக வெட்டி இழுத்தால் தானே கயிறாகச் சுருளும். ரிப் துணி சுருளாது. 14 செ.மீ. நாடா 24 எடுத்து, பாதியில் மடித்து, கழுத்தை இறுகச் சுற்றிக் கட்டினால் ஒரு குஞ்சலம். மூன்று சேர்த்தால் பின்னலுக்கு, ஒன்று போதும் கைப்பைக்கு.

ஆனால் இத்தனைக்கும் பட்டு எங்கே? உங்கள் கடையில், காலடியில்! ரவிக்கைக்கு முதுகுக் கழுத்தை இறக்கி வெட்டும்போது உள்ளங்கையளவு துண்டு விழுகிறதே, அதிலேயே இதழ் எடுக்கலாம். மாலையில் நூலோடும் உடைந்த ஊசியோடும் கூட்டி ஒரே மூட்டையாகக் கட்டினால் யார் பிரிப்பார்கள்? வெட்டும் மேசையிலேயே கொக்கி மாட்டி மூன்று பை தொங்கவிடுங்கள்: பட்டு, பருத்தி, பாலியஸ்டர். சந்தேகமென்றால் ஓர் இழையைக் கொளுத்துங்கள். முடி கருகிய வாசனை வந்து, நசுக்கினால் பொடியானால் பட்டு. காகிதம் எரிந்த வாசனை என்றால் பருத்தி. உருகிக் குன்றிமணிபோல் இறுகினால் பாலியஸ்டர். சூடு ஆறுமுன் தொடாதீர்கள். கூட்டுறவுச் சங்கம் பட்டுப் பையை மட்டும் எடை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியோர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கந்தையைக் கசக்க நாங்கள் தயார், அதைப் பிரித்துத் தர ஆள் வேண்டும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், அதுவும் துண்டுதான். நெற்றிச்சுட்டி நின்றுபோகிறது, மன்னிக்கவும். பொன்னாடை விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் உருகிப் பிசிறுவது நின்றுவிடும், இதழுக்கு ஆகும். அடுத்த கூட்டத்தில் கைத்தறித் துண்டு போடுங்கள். மூன்று பை வாசலில் மாட்டியிருக்கிறது. இந்தப் பொன்னாடை மூன்றாவது பைக்குப் போகிறது. மேடையிலிருப்போருடையதும் வரலாம்.

நன்றி, வணக்கம்.