குண்டு எறிய 45 டிகிரி சரிவராது, ஏன்?

[காட்சி: குண்டு எறிதல் வட்டம். குண்டு கையை விட்டுக் கிளம்பும் நொடியில் படம் நிற்கிறது. திரையில்: 37°]

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எல்லோரும் படித்ததுதான்: அதிகத் தூரம் போக வேண்டுமானால் 45 டிகிரியில் எறி. ஆனால் உலகத்தர குண்டு எறிதல் வீரர்களைப் படம்பிடித்து அளந்து பாருங்கள். கோணம் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். சூத்திரம் தப்பா, வீரர்கள் தப்பா?

இரண்டுமே தப்பில்லை. முதலில் 45 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

[காட்சி: பரவளையப் பாதை, இரண்டு அம்புகள், ஒன்று முன்னோக்கி, ஒன்று மேல்நோக்கி]

கிளம்பிய குண்டின் வேகத்தை இரண்டாகப் பிரிக்கலாம். மேல்நோக்கிய பங்கை ஈர்ப்பு விசை வினாடிக்கு 9.8 மீட்டர்/வினாடி வீதம் தின்றுகொண்டே இருக்கும். முன்னோக்கிய பங்கை அது தொடவே தொடாது. (காற்றும் தடுக்கும்தான், ஆனால் இரும்புக் குண்டுக்கு அது சொற்பம், விட்டுவிடலாம்.) ஆக, மேல்நோக்கிய பங்கு எவ்வளவு நேரம் காற்றில் இருப்பது என்பதை முடிவு செய்கிறது, முன்னோக்கிய பங்கு அந்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போவது என்பதை. இருப்பதோ ஒரே வேகம். சரிபாதியாகப் பங்கிட்டால் அதுதான் 45. கலிலியோ 1638இல் வெளியான நூலில் இதை நிறுவிவிட்டார்.

ஆனால் இந்தக் கணக்கு, கிளம்பிய மட்டத்திலேயே பொருள் வந்து விழும் என்று வைத்துக்கொள்கிறது. குண்டு அப்படி விழுவதில்லை. உயரமான வீரரின் கையிலிருந்து, தரைக்கு 2.1 மீட்டர் மேலே கிளம்புகிறது என்று வைப்போம். வேகம் 14 மீட்டர்/வினாடி.

[திரையில்: 45°, சம மட்டம்: 20 மீ. 45°, 2.1 மீ உயரம்: 21.92 மீ. 42.3°, அதே உயரம்: 22 மீ.]

உயரமே ஏறத்தாழ 0.2 வினாடி கூடுதல் நேரத்தை இலவசமாகத் தந்துவிடுகிறது. அப்புறம் மேலே எறிந்து நேரம் சம்பாதிக்கும் தேவை கொஞ்சம் குறைகிறது. அந்த வேகத்தை முன்பக்கம் திருப்பலாம். ஆனாலும் லாபம் வெறும் 8 சென்டிமீட்டர், கோணமும் 42க்குத்தான் இறங்கியிருக்கிறது. 37 எப்படி வந்தது?

இங்கேதான் பாடப்புத்தகம் சொல்லாத விஷயம் வருகிறது. எந்தக் கோணத்தில் எறிந்தாலும் வேகம் ஒன்றே என்று கணக்கு நம்புகிறது. பீரங்கிக்கு அது பொருந்தும், மனிதக் கைக்குப் பொருந்தாது. ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ. செங்குத்தாகத் தள்ளத் தள்ள, உந்துவிசையில் ஒரு பங்கு அந்த எடையைத் தாங்கவே போய்விடும். போதாக்குறைக்கு, நம் உடம்பு மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்னோக்கித் தள்ளுவதில்தான் பலசாலி. ஜிம்மில் பெஞ்ச் பிரஸ்ஸில் தூக்கும் எடையை ஷோல்டர் பிரஸ்ஸில் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

[திரையில்: 37°, 14 மீ/வி: 21.69 மீ. 37°, 14.3 மீ/வி: 22.54 மீ.]

அதே வேகத்தில் 37க்கு இறங்கினால் 31 சென்டிமீட்டர் நஷ்டம். ஆனால் கோணம் தாழ்ந்ததால் வேகம் 0.3 கூடினால் போதும், நஷ்டம் போக அரை மீட்டருக்கு மேல் லாபம். தூரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோணமோ உச்சத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்தால் பெரிதாக ஒன்றும் கெடுக்காது. எனவே பயிற்சியாளர் கோணமானியைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட்டு, வேகத்தைக் கவனிப்பதே மேல் என்பேன்.

[காட்சி: நீளம் தாண்டுதல் ஓடுபாதை]

நீளம் தாண்டுதலில் இது இன்னும் அப்பட்டம். அங்கே கிளம்பும் கோணம் சுமார் 20 டிகிரிதான். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடி வருபவர் அந்த வேகம் குறையாமல் 45 டிகிரியில் எழும்ப வேண்டுமானால், மேல்நோக்கியும் அதே 10 வேண்டும். அப்படி எழும்பினால் அவர் உடம்பு 5 மீட்டர் மேலே போகும். உயரம் தாண்டுதலின் உலக சாதனையே, 1993இல் சோட்டோமேயர் தாண்டிய 2.45 மீட்டர்தான்.