அடுக்குமாடியில் அக்கம்பக்கம் சேர: மொரீஷியஸ் பருவங்களை வைத்துச் சில யோசனைகள்

[காட்சி: இருட்டிய கார் நிறுத்துமிடம். வெள்ளைத் திரை, காலி நாற்காலிகள், தூறல்.]

வணக்கம். எங்கள் குடியிருப்பில் நான் ஏற்பாடு செய்த முதல் நிகழ்ச்சியில் எடுத்த படம் இது. காத்ர் போர்ன் நகரில் 40 வீடுகள் உள்ள கட்டடம் எங்களுடையது. பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை என்பதால், ஜூலையில் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்குத் திறந்தவெளியில் சினிமா போடலாம் என்று முடிவு செய்தோம். 40 நாற்காலி போட்டோம். 6 பேர் வந்தார்கள்.

இங்கே யாருக்கும் ஒட்டுதல் இல்லை என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, நான் பருவத்தைப் பார்க்கவே இல்லை. ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நம் ஊர் மேட்டுநிலம். காற்றோடு தூறலும் சேர்ந்தால் போர்வையை விட்டு யார் இறங்கி வருவார்கள்? இதே நிகழ்ச்சி கிராண்ட் பே கடற்கரைப் பக்கம் நடந்திருந்தால் பாதிப் பேராவது வந்திருப்பார்கள். ஜனவரியில் ஏறக்குறைய ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும். அப்போது எல்லோரும் எப்படியும் கீழேதான் நிற்பார்கள்.

குடியிருப்பு நிகழ்ச்சிகளுக்கென்று கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் வடக்கு நாடுகளின் காலண்டரை வைத்து எழுதியவை. ஜூலையில் நீச்சல்குளம், டிசம்பரில் கணப்பு என்று இருக்கும். நமக்கு எல்லாமே தலைகீழ். அதனால் நம் வானத்தையும் நம் பழமரங்களையும் நம் பண்டிகைகளையும் வைத்தே யோசிப்போம்.

[காட்சி: பால்கனிகள், பூந்தொட்டிகள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.]

நவம்பரில் தொடங்குகிறேன். புயல் பருவம் நவம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை. இதில் என்ன கொண்டாட்டம் என்று கேட்கலாம். ஆனால் எங்கள் கட்டடத்தில் எல்லோரையும் முதலில் ஒன்றாக இறங்கி வரவைத்தது இதுதான்.

2024 ஜனவரி 15, பெலால் புயல் நினைவிருக்கும். போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. மின்சாரம் மட்டும் போனது. தரைத்தளத்தில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவருடைய தொலைபேசி எண் எங்களில் ஒருவரிடமும் இல்லை. மறுநாள் காலை கதவைத் தட்டியபோது, இரவு முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். டார்ச் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரையும் கீழே அழைத்தோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும். மாடி மாடியாகப் போய், காற்றில் பறக்கக்கூடிய பொருள் எங்கெங்கே இருக்கிறது என்று குறித்து வரவேண்டும். பூந்தொட்டி, துணி காயப்போடும் கம்பி, கழன்ற தகரம் எல்லாம் அதில் அடக்கம். பெரியவர்கள் வடிகாலைச் சுத்தம் செய்தார்கள், தொட்டி மூடிகளைக் கட்டினார்கள். தனியாக இருப்பவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்து இரண்டு வீடுகளின் தொலைபேசி எண்கள். யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் கேஸ் அடுப்பு, யார் நர்ஸ் என்பதெல்லாம் ஒரே தாளில் எழுதி மின்தூக்கி பக்கத்தில் ஒட்டினோம்.

வேலை முடிந்ததும் தேநீரும் காத்தோ பிமானும். நம் பருப்பு வடையின் உறவுக்காரப் பலகாரம் என்பதால் யாருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை. மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்து பேருந்து நின்று கடைகள் மூடியபின் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முறையாகப் பார்ப்பதைவிட, வெயில் காயும் ஒரு சனிக்கிழமையில் பார்த்துவைப்பது எவ்வளவோ மேல்.

[காட்சி: நீண்ட மேசை. வேகவைத்த வள்ளிக்கிழங்கு, துருவிய தேங்காய்.]

அடுத்து தீபாவளி. பலகாரப் பொட்டலம் கொடுப்பது நம் தீவில் மதம் பார்க்காத பழக்கம். அதைக் கொடுப்பதற்கு முந்தின நாளே தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. காத்தோ பதாத்தை எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துச் சூட்டோடு மசித்து மாவு சேர்த்துப் பிசைய வேண்டும். வட்டமாகத் தேய்த்து, தேங்காயும் சர்க்கரையும் ஏலக்காயும் வைத்து அரைநிலாவாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்த வேண்டும். பார்த்தால் சோமாசியின் தங்கைபோல இருக்கும். அந்த ஓரம் அழுத்தும் வேலையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். மாவு கையில் ஒட்டும்போது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது ‘தொன்தொன்’ மாமாவுக்கும் பேச்சு தானாக வந்துவிடும். பொரிக்கும் சட்டி மட்டும் பெரியவர்களிடம், தள்ளியே இருக்கட்டும்.

டிசம்பரில் அதிகம் மெனக்கெட வேண்டாம். எல்லோரும் ஊர் சுற்றுகிறார்கள், விருந்தினர் வருகிறார்கள். சாலையோரத்தில் லிச்சி கொத்துக் கொத்தாக விற்கும் நாட்களில் மொத்தமாக வாங்கி, ஒரு மாலை முற்றத்தில் வையுங்கள், போதும். ஆண்டிறுதிப் பட்டாசு பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கே, எத்தனை மணிவரை என்று முடிவு செய்துவிட்டால், நாய் வளர்ப்பவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் எதுவும் வேண்டாம். காவடி எடுப்பவர்கள் விரதத்தில் இருப்பார்கள். அந்த வாரத்தில் இறைச்சி சுடும் விருந்து வைப்பது, வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், மனதைப் புண்படுத்தும்.

[காட்சி: வாழை இலை. கறிகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன.]

சரி, ஏப்ரலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இது. வருடப் பிறப்பு சமயத்தில் கோடை வெக்கை தணியத் தொடங்கியிருக்கும். நம்மூர் விருந்தென்றால் செட் காரி, அதாவது ஏழு கறி. கோயிலிலும் கல்யாணத்திலும் இலையில் வரும் அதே ஏழு கறிதான். அதை ஏழு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

வாழைக்காய் ஒரு வீடு, பூசணி ஒரு வீடு, பலாக்காய், சௌசௌ, கத்தரிக்காய், கீரை, பருப்பு. எந்த ஏழு என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதைப் பற்றி நடக்கும் வாதமே பாதி விருந்து. ஏழு வீடும் தமிழ் வீடாக இருக்கவேண்டியதில்லை. எங்களுக்குப் பூசணிக் கறி வைத்தது மூன்றாம் மாடியில் இருக்கும் கிரியோல் ‘தந்தின்’, அதாவது அத்தை. இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து ருசி பார்க்கச் சொன்னார். “கடுகு போதுமா?” என்று அவர் கேட்டபோது என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அளவும் சொல்லிவிடுகிறேன். 40 பேருக்கு ஒரு கறிக்கு 4 கிலோ காய், அரிசி 5 கிலோ. ரசமும் பாயசமும் அப்பளமும் குடியிருப்புப் பொதுப்பணத்திலிருந்து. காய் வாங்கும் செலவையும் பொதுவில் வைத்துவிடுங்கள். யாருக்கும் சுமையாகக் கூடாது. அழைப்பைக் கிரியோலில் எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும். இலைக்குப் பக்கத்தில் வைக்கும் பெயர்ச்சீட்டைப் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். நம் ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கிறதே, அதைக் காட்டினால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஆர்வம் வந்துவிடுகிறது.

ஒரு முக்கியமான விஷயம். கட்டடத்தை நிர்வகிக்கும் சிண்டிக்கிடம் முன்கூட்டியே சொல்லி, பொது இடத்தைப் பயன்படுத்த அனுமதி வாங்குங்கள். சிண்டிக் கூட்டத்துக்கு வருபவர்கள் உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர்களின் காதுக்குச் செய்தி போகாமலே இருந்துவிடும். அதனால் ஒவ்வொரு கதவையும் நேரில் தட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்த காலத்தில் எங்களுக்குப் பாதி வீடுகள் வரவில்லை.

[காட்சி: மலைப்பாதை. சின்னச் சின்னச் சிவப்புப் பழங்கள்.]

குளிர் தொடங்கும்போது ப்ளேன் ஷாம்பாஞ் மேட்டுநிலப் பக்கம் சீனக் கொய்யா பறிக்கப் போகலாம். உப்பும் மிளகாயும் இடித்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அவசியம். இது வெளியிலிருந்து வந்து நம் சொந்தக் காட்டை நெருக்குகிற செடி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விதையை வேறெங்கும் வீசாமல் கொண்டுவந்து குப்பையில் போடச் சொல்லுங்கள். மீந்த பழத்தில் ஜாம் காய்ச்சலாம்.

[காட்சி: மாடிப்படிக்குக் கீழே மேசைகள், டோமினோ கட்டைகள், ஆவி பறக்கும் கோப்பைகள்.]

அப்புறம் மறுபடியும் ஜூலை. இப்போது நாங்கள் ஞாயிறு மதியம் இரண்டரைக்கே தொடங்கிவிடுகிறோம். கூரைக்குக் கீழே 4 மேசை, டோமினோ, வனிலா தேநீர். போன வருடமும் தூறல்தான். தரைத்தளப் பாட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் மேசையில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு நாற்காலிகளை அடுக்கப் போனபோது, இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது என்று கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்.